வெப்பமூட்டல் பொறியாளரைத் தேர்ந்தெடுத்தல் (பிரிட்டன்)

வெப்பமூட்டல் பொறியாளர் என்பவர் வீடுகளிலும் வணிக இடங்களிலும் பாய்லர், ரேடியேட்டர், வெந்நீர்த் தொட்டி, அவற்றை இணைக்கும் குழாய்கள் முதலியவற்றைப் பொருத்தி, பழுது பார்த்து, பராமரிக்கும் தொழில் வல்லுநர் ஆவார். பிரிட்டனில் பெரும்பாலான வீடுகள் இயற்கை எரிவாயுவில் இயங்கும் பாய்லர் கொண்டு சூடாக்கப்படுகின்றன. பாய்லர் நீரைச் சூடாக்குகிறது. அந்த நீர் குழாய் வழியே அறைதோறும் உள்ள ரேடியேட்டர்களுக்குச் சென்று, வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறது. குளிக்கும் வெந்நீரும் பெரும்பாலும் இதே பாய்லரிலிருந்துதான் வருகிறது. ஜனவரி மாதத்தில் இது நின்றுவிட்டால் வீட்டில் இருக்க முடியாது. அந்த அவசரத்தில்தான் பலர் கையில் கிடைத்த முதல் எண்ணை அழைத்து ஏமாறுகிறார்கள்.

படிப்புக்காக அங்கே செல்லும் மாணவர்கள், வாடகை வீட்டில் குடியிருப்போர், கடையோ உணவகமோ நடத்தும் தமிழர்கள் எனப் பலருக்கும் இந்தத் தேர்வு எப்போதாவது தேவைப்படும். நம் ஊரில் வீட்டை ஒட்டுமொத்தமாகச் சூடாக்கும் பழக்கம் இல்லாததால், இத்துறையில் எதைக் கேட்க வேண்டும் என்பதே புதிதாக வருவோருக்குத் தெரிவதில்லை.

'பொறியாளர்' என்ற சொல்

தமிழ்நாட்டில் பொறியாளர் என்றால் நான்கு ஆண்டு படித்துப் பட்டம் பெற்றவர் என்று பொருள். பிரிட்டனில் அப்படியில்லை. அங்கே அந்தச் சொல்லுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. பாய்லர் பழுது பார்ப்பவரும், துணி துவைக்கும் இயந்திரத்தைச் சரிசெய்பவரும் தம்மைப் பொறியாளர் என்றே சொல்லிக்கொள்ளலாம். ஆகவே வண்டியின் பக்கவாட்டில் 'வெப்பமூட்டல் பொறியாளர்' என்று பெரிதாக எழுதியிருப்பது எதற்கும் சான்று ஆகாது. சான்று ஆவது பதிவு ஒன்றுதான்.

பதிவு முறை வந்த கதை

1968 மே 16 அதிகாலையில் கிழக்கு லண்டனின் நியூஹாம் பகுதியில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் சீட்டுக்கட்டுபோல் சரிந்தது. பதினெட்டாவது மாடியில் ஒரு பெண்மணி தேநீர் போட அடுப்பைப் பற்றவைத்தபோது, கசிந்திருந்த எரிவாயு வெடித்ததே காரணம். அடுப்பு இணைப்பில் இருந்த தரக்குறைவான ஒரு பித்தளை மரை உடைந்திருந்தது. நான்கு பேர் இறந்தனர். அடுப்பைப் பற்றவைத்தவர் உயிர் பிழைத்தார். இன்று ஏராளமான தமிழர்கள் வாழும் ஈஸ்ட்ஹாமும் இதே நியூஹாம் பகுதியில்தான் உள்ளது.

இந்த விபத்தைத் தொடர்ந்து, எரிவாயு வேலை செய்வோரைப் பதிவு செய்ய 1970இல் 'கோர்ஜி' என்ற அமைப்பு உருவானது. தொடக்கத்தில் விருப்பமுள்ளவர்கள் மட்டும் சேர்ந்தனர். 1991இல் பதிவு கட்டாயமாயிற்று. 2009 ஏப்ரல் 1 முதல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றில் கோர்ஜியின் இடத்துக்கு 'கேஸ் சேஃப் ரெஜிஸ்டர்' என்ற பதிவேடு வந்தது. வட அயர்லாந்தில் இது ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்தது. 1998ஆம் ஆண்டின் எரிவாயுப் பாதுகாப்பு விதிகளின்படி, இப்பதிவேட்டில் இல்லாத ஒருவர் பிறர் வீட்டில் எரிவாயு வேலை செய்வது குற்றம். இன்னும் சிலர் "நான் கோர்ஜி பதிவு பெற்றவன்" என்று சொல்வதுண்டு. 2009க்குப் பிறகு அந்தச் சொல்லை நம்பி வேலை கொடுக்கக் கூடாது.

ஆபத்து எங்கே இருக்கிறது

எரிவாயு கசிந்தால் நாற்றம் வரும். மணமற்ற இயற்கை எரிவாயுவில் அதற்காகவே நாற்றப் பொருள் சேர்க்கப்படுகிறது. ஆனால் சரியாக எரியாத பாய்லரிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, சுவையும் இல்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட இருநூறு மடங்குக்கும் மேல் வலுவாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே உடலுக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் போகிறது. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், மூச்சுத்திணறல், களைப்பு ஆகியவை முதல் அறிகுறிகள். குளிர்காலத்தில் இவற்றைச் சளிக்காய்ச்சல் என்று எண்ணிப் போர்த்திப் படுத்துவிடுவது எளிது. காய்ச்சல் அடிக்காமல் தலைவலி மட்டும் இருந்தாலோ, வெளியே போனால் குறைந்து வீட்டுக்குள் வந்தால் மீண்டும் வந்தாலோ, வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தாலோ பாய்லரைச் சந்தேகிக்க வேண்டும். இந்தியாவிலும் காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர் வைத்து உயிரிழந்தவர்களுக்குக் காரணமானது இதே வாயுதான்.

சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ எரிவது, அடுப்பு அல்லது பாய்லரைச் சுற்றிக் கரும்புகைக் கறை படிவது, சன்னலில் வழக்கத்தைவிட அதிகமாக நீர்த்துளி படிவது ஆகியவை கண்ணால் காணக்கூடிய அடையாளங்கள். இவை எதுவும் தெரியாமலும் வாயு வெளிவரலாம். அதனால் ஒலியெழுப்பும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். வாங்கும்போது அதன்மேல் 'இஎன் 50291' என்ற தர எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இப்படிப்பட்ட வேலையைக் குறைந்த கூலிக்கு அரைகுறையாகத் தெரிந்தவரிடம் ஒப்படைப்பதில் மிச்சமாவது சில பவுண்டுகள். பணயமாக வைக்கப்படுவது உறங்கிக்கொண்டிருப்போரின் உயிர்.

அடையாள அட்டையைப் படிப்பது எப்படி

பதிவு பெற்ற ஒவ்வொருவரிடமும் மஞ்சள் முக்கோணச் சின்னம் பொறித்த கேஸ் சேஃப் அட்டை இருக்கும். வாசலிலேயே அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மவர்கள் தயங்குகிறார்கள். பதிவேட்டை நடத்துபவர்களே கேட்கச் சொல்கிறார்கள். நேர்மையான தொழிலாளி கேட்கும் முன்பே நீட்டுவார்.

அட்டையின் முன்பக்கத்தில் புகைப்படம், பெயர், உரிம எண், அட்டை செல்லுபடியாகும் காலம் ஆகியவை இருக்கும். பெரும்பாலோர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முக்கியமான செய்தி பின்பக்கத்தில் உள்ளது. அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்பது அங்கேதான் எழுதப்பட்டிருக்கும். பாய்லர், சமையல் அடுப்பு, கணப்பு அடுப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தேர்வு உண்டு. அடுப்புக்கு மட்டும் தகுதி பெற்றவர் பாய்லரைத் திறக்கக் கூடாது. குழாய் வழி வரும் இயற்கை எரிவாயுவில் தேர்ந்தவர், எல்.பி.ஜி. சிலிண்டரில் இயங்கும் பாய்லரில் கை வைக்க வேண்டுமானால் அதற்கும் தனியே தகுதி வேண்டும். இந்தத் தகுதிகளை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும்.

அட்டை போலியாகவும் இருக்கலாம். உரிம எண்ணைக் கேஸ் சேஃப் இணையதளத்தில் இட்டுப் பார்த்தால் படமும் தகுதிகளும் வரும். இரண்டு நிமிட வேலை. நிறுவனத்தின் பெயர் பதிவாகியிருப்பது மட்டும் போதாது. வீட்டுக்கு வந்து கருவியைக் கையில் எடுப்பவரின் பெயரும் பதிவாகியிருக்க வேண்டும். முதலாளி பதிவு பெற்றவராகவும், அனுப்பிவைக்கப்பட்டவர் பதிவே இல்லாதவராகவும் இருப்பதும் உண்டு.

எல்லா வேலைக்கும் இந்தப் பதிவு தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரேடியேட்டரை மாற்றுவது, அதில் அடைத்த காற்றை வெளியேற்றுவது, சூடான நீர் ஓடும் குழாயைச் சரிசெய்வது போன்றவற்றை ஒரு நல்ல பிளம்பரே செய்யலாம். எண்ணெயில் இயங்கும் பாய்லருக்கு 'ஆஃப்டெக்', விறகு, கரி அடுப்புகளுக்கு 'ஹெட்டாஸ்', வெப்ப எக்கிகளுக்கு 'எம்சிஎஸ்' என்று வேறு பதிவு அமைப்புகள் உள்ளன. வெப்ப எக்கிக்கு அரசு தரும் உதவித்தொகையை எம்சிஎஸ் சான்று பெற்ற நிறுவனம் வழியாகத்தான் பெற முடியும்.

அழைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

பாய்லர் நின்றதும் பதறி அழைத்தால், ஆள் வந்து எட்டிப் பார்ப்பதற்கே ஒரு கட்டணம் வசூலிக்கப்படும். பாய்லர் மூடியைத் திறக்காமல் வீட்டில் உள்ளவரே பார்க்கக்கூடியவை சில உண்டு.

முன்பணம் செலுத்தும் மீட்டர் உள்ள வீடாக இருந்தால், மீட்டரில் பணம் தீர்ந்திருக்கலாம். மாணவர் விடுதி வீடுகளில் பெரும்பாலும் இதுதான். சுவரில் உள்ள தெர்மோஸ்டாட்டின் பேட்டரி தீர்ந்திருக்கலாம். பாய்லரின் அழுத்தமானி, குளிர்ந்த நிலையில் ஏறத்தாழ 1 முதல் 1.5 பார் வரை காட்ட வேண்டும். அதற்குக் கீழே இறங்கியிருந்தால் கையேட்டில் காட்டியுள்ள நிரப்புக் குழாய் வழியாக நீரை நிரப்பினால் பல நேரம் சரியாகிவிடும். அடிக்கடி இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது; அப்போது ஆளை அழைக்கத்தான் வேண்டும்.

கடும் உறைபனி நாளில் பாய்லர் நிற்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 முதல் புதிதாகப் பொருத்தப்படும் எரிவாயு பாய்லர்கள், சில விலக்குகள் தவிர, புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து அதன் வெப்பத்தையும் எடுத்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்தவை. அப்படிக் குளிர்ந்த நீர் ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியே வெளியேறும். அந்தக் குழாய் வீட்டுக்கு வெளியே ஓடினால் உள்ளே பனி உறைந்து அடைத்துவிடும். பாய்லரும் தானாக நின்றுவிடும். கை எட்டும் உயரத்தில் இருந்தால் வெதுவெதுப்பான நீரை அதன்மேல் ஊற்றினாலே போதும். கொதிநீர் கூடாது, குழாய் வெடிக்கும். இதைக்கூடச் சொல்லாமல் "பாய்லர் முடிந்துவிட்டது, புதிது போட வேண்டும்" என்று சொல்பவர் இருந்தால், அவரை மீண்டும் அழைக்க வேண்டியதில்லை.

விலைப்புள்ளி

புதிய பாய்லர் என்றால் குறைந்தது மூன்று பேரிடமாவது எழுத்து வடிவில் விலைப்புள்ளி வாங்குவது நல்லது. அங்கே இரண்டு சொற்கள் வழக்கில் உள்ளன. 'எஸ்டிமேட்' என்பது உத்தேசக் கணக்கு, முடிவில் கூடலாம். 'கொட்டேஷன்' என்பது இன்ன வேலைக்கு இன்ன தொகை என்று உறுதி சொல்வது; ஏற்றுக்கொண்ட பின் அதை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. எது தரப்படுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்று தாள்களையும் கடைசி வரியில் உள்ள தொகையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் பயனில்லை. பாய்லரின் தயாரிப்பு, மாதிரி, கிலோவாட் அளவு எழுதப்பட்டிருக்கிறதா? பழைய ரேடியேட்டர்களில் படிந்த துருச்சேற்றைக் கழுவும் வேலை சேர்ந்திருக்கிறதா? அந்தத் துருவைப் பிடிக்கும் காந்த வடிகட்டி உண்டா? எரிவாயுக் குழாயின் பருமன் புதிய பாய்லருக்குப் போதுமா என்று பார்த்தார்களா? பழைய பாய்லரை எடுத்துச்செல்வது, மதிப்புக்கூட்டு வரி ஆகியவை அடக்கமா? குறைந்த தொகை சொல்பவர் பெரும்பாலும் கழுவும் வேலையைத்தான் விட்டுவிடுகிறார். பழைய சேறு புதிய பாய்லருக்குள் போய் வெப்பமாற்றியை அடைத்தால், உத்தரவாதம் தரும் நிறுவனமும் கைவிரித்துவிடும்.

முழுத் தொகையையும் முன்கூட்டியே கேட்பவர், ரொக்கமாகத் தந்தால் ரசீது இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பவர், இன்றே கையெழுத்திட்டால்தான் இந்த விலை என்று அவசரப்படுத்துபவர் ஆகியோரைத் தவிர்க்கலாம். வீட்டுக்கு வந்து பேசி முடித்த ஒப்பந்தத்தைப் பொதுவாக 14 நாட்களுக்குள் ரத்து செய்யும் உரிமை சட்டத்தில் உண்டு. ஆனால் வேலையை உடனே தொடங்கும்படி கேட்டுக்கொண்டிருந்தால், செய்து முடித்த பகுதிக்குப் பணம் தர வேண்டியிருக்கும். 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள வேலைக்குக் கிரெடிட் கார்டில் பணம் செலுத்தினால், நிறுவனம் ஏமாற்றினாலோ மூடிவிட்டாலோ அட்டை வழங்கிய வங்கியிடமே இழப்பீடு கோரலாம். 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் இதற்கு வழி செய்கிறது.

எத்தனை கிலோவாட்?

பொறியாளரின் தரத்தை அறிய இந்தக் கேள்வி நல்ல உரைகல். வீட்டைச் சுற்றிப் பார்க்காமலே "35 கிலோவாட் போட்டுவிடலாம்" என்பவர் ஒருவகை. அறைகளை அளந்து, சுவர், சன்னல், கூரை வழியே எவ்வளவு வெப்பம் வெளியேறும் என்று கணக்கிட்டுச் சொல்பவர் இன்னொரு வகை.

கணக்கு கடினமானதன்று. தொட்டி இல்லாமல் நேரடியாக வெந்நீர் தரும் பாய்லருக்கு அங்கே 'காம்பி' என்று பெயர். நிமிடத்துக்கு 10 லிட்டர் நீரை 10 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும் என்று கொள்வோம். ஒரு லிட்டரை ஒரு டிகிரி உயர்த்த 4.2 கிலோஜூல் தேவை. 10 × 35 × 4.2 = 1470 கிலோஜூல். இதை 60 வினாடியால் வகுத்தால் 24.5 கிலோவாட். அதாவது காம்பி பாய்லரின் பெரிய எண் குளியலறைக்காக வந்தது. அறைகளைச் சூடாக்க, நடுத்தர அளவு வீட்டுக்குக் கடுங்குளிர் நாளிலும் பெரும்பாலும் 10 கிலோவாட்டுக்குள் போதும். எனவே பொருத்தியவர் அறைச் சூட்டுக்கான திறனைக் குறைத்து அமைத்துத் தர வேண்டும். ரேடியேட்டரிலிருந்து திரும்பும் நீர் ஏறத்தாழ 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள நீராவி குளிர்ந்து மிச்ச வெப்பத்தைத் தரும். எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்துவிட்டுப் போனால், விலை கொடுத்து வாங்கிய சிக்கனம் புகையோடு போய்விடும். இதை விளக்கத் தெரிந்தவரிடம் வேலையைக் கொடுக்கலாம்.

வேலை முடிந்த பின்

புதிய பாய்லர் பொருத்தப்பட்டதை உள்ளாட்சி அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது இங்கிலாந்து, வேல்ஸ் கட்டட விதி. பதிவு பெற்றவர் இதைக் கேஸ் சேஃப் வழியாகவே செய்துவிடுவார். பிறகு அஞ்சலில் ஒரு சான்றிதழ் வரும். வராவிட்டால் கேட்டு வாங்க வேண்டும். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் முதலில் கேட்கும் தாள்களில் அதுவும் ஒன்று. பாய்லர் கையேட்டின் பின்னே 'பெஞ்ச்மார்க்' என்ற பதிவுப் பக்கம் இருக்கும். தொடக்கச் சோதனையும் ஆண்டுப் பராமரிப்பும் அதில் எழுதப்பட வேண்டும். ஆண்டுப் பராமரிப்பு விட்டுப்போனால் பத்தாண்டு உத்தரவாதமும் வெறும் தாளாகிவிடும்.

பராமரிப்புக்கு வந்தவர் புகைக்குழாயில் பகுப்பாய்வுக் கருவியைச் செருகி அளவெடுத்தாரா என்று பார்க்க வேண்டும். மேல் மூடியைத் துடைத்துவிட்டுக் கையெழுத்திட்டுப் போவது பராமரிப்பு ஆகாது.

சில நேரம் வந்தவர், "இது ஆபத்தானது, நிறுத்தியாக வேண்டும்" என்பார். உண்மையாகவே அப்படி இருந்தால், 'உடனடி ஆபத்து' அல்லது 'ஆபத்து வாய்ப்பு' என்று வகைப்படுத்தி, காரணத்தையும் எழுதி, எச்சரிக்கை அறிவிப்பு ஒன்றைத் தருவது முறை. அந்தத் தாளைக் கேட்க வேண்டும். புதிய பாய்லர் விற்கவே பயமுறுத்துகிறாரோ என்ற ஐயம் எழுந்தால் இன்னொரு பதிவு பெற்றவரை அழைத்துக் காட்டலாம். ஆனால் அதுவரை பாய்லரை இயக்கக் கூடாது. ஐயம் சரியாகவே இருந்தாலும், ஓர் இரவு குளிரில் கழிப்பது அத்தனை பெரிய இழப்பன்று.

வாடகை வீடுகள்

வாடகைக்கு இருப்பவர் பொறியாளரைத் தேட வேண்டியதே இல்லை; அது உரிமையாளரின் கடமை. வீட்டோடு தரப்பட்ட எரிவாயுச் சாதனங்கள் அனைத்தையும் 12 மாதத்துக்கு ஒருமுறை பதிவு பெற்றவரைக் கொண்டு சோதிக்க வேண்டும். அந்தச் சோதனைப் பதிவின் நகலைக் குடியிருப்பவருக்கு 28 நாட்களுக்குள்ளும், புதிதாக வருபவருக்குக் குடியேறும் முன்பும் தர வேண்டும். ஒரே ஓர் அறையை வாடகைக்கு எடுத்த மாணவருக்கும் இது பொருந்தும். இங்கிலாந்தில் 2022 அக்டோபர் 1 முதல், பாய்லர் போன்ற எரிசாதனம் உள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி பொருத்துவதும் உரிமையாளரின் பொறுப்பு. சமையல் அடுப்பு மட்டும் இதில் சேராது.

தெரிந்தவர் வீடு, உறவினர் வழியாகக் கிடைத்த அறை என்றால் இந்தத் தாளைக் கேட்க நாக்கு எழாது. அண்ணன், மாமா என்று பழகியவரிடமும் கேட்கத்தான் வேண்டும். ஆண்டுச் சோதனையும் பராமரிப்பும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் கொள்க: சோதனை, சாதனம் இப்போது பாதுகாப்பாக இயங்குகிறதா என்று பார்ப்பது, பராமரிப்பு, திறந்து, சுத்தம் செய்து, தேய்ந்ததை மாற்றுவது.

உணவகங்களும் கடைகளும்

வீட்டுப் பாய்லர் பொருத்தும் நண்பரையே உணவகச் சமையலறைக்கும் அழைப்பது பரவலாக நடக்கும் தவறு. வணிகச் சமையல் சாதனங்களுக்குத் தனித் தகுதி உண்டு. அட்டையின் பின்பக்கத்தில் அது இருக்க வேண்டும். 70 கிலோவாட்டுக்கு மேற்பட்ட பாய்லரும் வீட்டு வகையில் அடங்காது. சமையலறைப் புகையுறிஞ்சி நின்றால் எரிவாயுவும் தானே நிற்கும் பூட்டு அமைப்பு பல இடங்களில் தேவைப்படும். விசிறிச் சத்தம் பிடிக்காமல் அதைத் துண்டித்து வைப்பது, வேலை செய்வோரின் உயிரோடு விளையாடுவதாகும். கரியில் எரியும் தந்தூர் அடுப்புக்குக் கேஸ் சேஃப் பதிவு பொருந்தாது. ஆனால் அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு, எரிவாயு பாய்லரிலிருந்து வருவதைவிட எந்த விதத்திலும் சாதுவானதல்ல. இரவில் கடையை மூடிய பின்னும் கரி கனன்றுகொண்டிருக்கும். மாடியில் ஊழியர்கள் தங்கும் கடைகளில் இதை முதலில் கவனிக்க வேண்டும்.

முறையிடும் இடங்கள்

பாதுகாப்பற்ற வேலை, பதிவு இல்லாத ஆள் என்றால் கேஸ் சேஃப் ரெஜிஸ்டரிடம் முறையிடலாம். அவர்கள் விசாரித்து, தேவைப்பட்டால் ஆய்வாளரை அனுப்புவார்கள். கூலி அதிகம், சுவரைச் சரியாகப் பூசவில்லை என்பவை அவர்கள் வேலையல்ல. அவற்றுக்கு 'சிட்டிசன்ஸ் அட்வைஸ்' அமைப்பில் ஆலோசனை பெறலாம். நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுவாக 10,000 பவுண்டு வரையிலான வழக்கைச் சிறுவழக்கு முறையில் வழக்கறிஞர் இல்லாமலே நடத்தலாம்.

எரிவாயு நாற்றம் வந்தாலோ எச்சரிக்கைக் கருவி ஒலித்தாலோ பொறியாளரைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. எளிதாக எட்டுமானால் மீட்டர் அருகே உள்ள திருகை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, மின் சுவிட்ச் எதையும் தொடாமல் எல்லோரும் வெளியே வர வேண்டும். வெளியே வந்த பின் 0800 111 999 என்ற எண்ணை அழைக்கலாம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பகுதிகளில் இரவும் பகலும் இயங்கும் எரிவாயு அவசர எண் இது. தலைவலி, மயக்கம் இருந்தால் மருத்துவரிடம் செல்லும்போது 'கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம்' என்று சொல்ல வேண்டும்.